பசித்தவர்களுக்கு அனுமதி இல்லை

காஞ்சிபுரத்தில் ஓட்டல் இல்லையே என்று யாரும் அழவில்லை. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வகை, பட்டு வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வகை, கோர்ட்டுக்கு வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட ஒரு வகை என்று தேவைக்கு மேலேயே இருந்தன. இலையைப் போட்டால் சோறு விழும். போதும் என்றால் நிற்கும். இதில் என்ன குறை கண்டார்களோ தெரியவில்லை, பண்பாட்டு உணவு மேம்பாட்டுக் கழகம் என்று ஒன்று சென்னையில் பிறந்து, எங்கள் ஊரைத் தேடி வந்து, பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 'நவபோஜன மாளிகை'யைத் திறந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, பங்குனி மாதம். குழாயில் தண்ணீர் வராத அந்தத் தெருவுக்குக் குளிர்சாதன வசதி வந்து சேர்ந்தது.

திறப்பு விழாவில் கழகத்தின் தனி அலுவலர் முரளீதரன் பேசினார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். கழகச் செலவில் ஐரோப்பாவுக்குப் போய் ஆறு வாரம் பயிற்சி பெற்று வந்தவர். அங்கே போட்டுக்கொண்ட கோட்டை இங்கே வந்தும் கழற்றவில்லை. பங்குனி வெயிலில் வியர்த்துக் கொட்ட அவர் பேசியது இது:

"பெரியோர்களே, தாய்மார்களே! இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழன் பசிக்காகவே சாப்பிட்டு வந்திருக்கிறான். இந்த இழிநிலையை மாற்றத்தான் கழகம் தோன்றியிருக்கிறது. வயிறு என்பது வெறும் பை. பையை நிரப்பக் கழகம் எதற்கு? அதற்கு உங்கள் வீட்டுப் பெண்களே போதும். நாங்கள் ரசனையை நிரப்ப வந்திருக்கிறோம். இங்கிருந்து ஒருவராவது வயிறு நிறைந்து வெளியே போனார் என்று புகார் வந்தால், அன்றே என் பதவியைத் துறப்பேன்!"

கைதட்டல் பலமாக இருந்தது. அவர் பதவிக்கு எந்த ஆபத்தும் வரவில்லை.

மாளிகைக்குப் போய் வந்தவர்களின் அபிப்பிராயம் பலவிதமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வக்கீல் ஒருவர் வெளியே வந்து, "அபாரம்" என்றார். எது அபாரம் என்று கேட்டதற்கு, "எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க, மொத்தமா அபாரம்" என்று சொல்லிவிட்டு மூலைக் கடையில் நின்றபடியே நாலு வடை தின்றார். பட்டுக்கடை முதலாளி ஒருவர் பம்பாய்க்காரரை அழைத்துப் போனார். பம்பாய்க்காரர் இது ஏதோ கோயில் ஊர் விரதம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, பக்தியில் கூடுதலாகவே சேலை எடுத்தாராம். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு மட்டும் நிஜமாகவே பிடித்துப் போயிற்று. அவருக்கு வயிற்றுப்புண். அங்கே போய் வந்த நாட்களில் வயிறு நல்ல ஓய்வில் இருந்தது.

மற்றபடி ஒருவரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. சொன்னால் ரசனை இல்லாதவன் என்றாகிவிடும். காசும் போய் ரசனையும் போவதற்கு யார்தான் சம்மதிப்பார்கள்? குப்புற விழுந்தவன் எல்லாம் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு, அடுத்தவனையும் அதே இடத்துக்கு அனுப்பி வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த நாட்களில் மாளிகையைவிட ஊரின் மேல்தான் எரிச்சல் அதிகம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஆதிகேசவன் போக வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்து காஞ்சிபுரத்தில் பம்ப்செட் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். காலையில் கூழ், மத்தியானம் சோறு, ராத்திரி மத்தியானத்து மிச்சம் என்று எந்தக் கழகத்தின் துணையும் இல்லாமல் வளர்ந்த உடம்பு. அவரை அங்கே இழுத்துப் போனது மகள் அம்சவேணியின் கல்யாணம்.

மாப்பிள்ளை சீனிவாசன் பாங்கியில் குமாஸ்தா. அப்பா தர்மன் வாலாஜாபாத்தில் நெல் மில் வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று சீனிவாசன் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, "பரவால்லீங்க, நல்ல காபி. சட்டையும் கொஞ்சம் குடிக்கட்டும்" என்றான். கதவுக்குப் பின்னால் நின்ற அம்சவேணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்கு முன் இரண்டு வரன் வந்து தட்டிப் போயிருந்தது, அவள் கவலைப்படவில்லை. இந்த வரன் தட்டிப் போனால் தாங்கமாட்டேன் என்று அம்மா தேவகியிடம் வாய் விட்டே சொல்லிவிட்டாள். ஜாதகம் பொருந்தியது. பேச்சும் முடிந்தது. பாக்கி இருந்தது கை நனைப்பது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காபி குடிப்பார்கள், பலகாரம் தின்பார்கள், மிச்சம் இருந்தால் பொட்டலம்கூடக் கட்டிக்கொள்வார்கள். சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். பெண் வீட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனை ஊர் காறித் துப்பும்.

தர்மனின் மனைவி லோகாம்பாளுக்கு இந்தச் சம்பந்தத்தில் பாதி மனசுதான். மீதிப் பாதியில் அவளுடைய அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் நல்ல காரியம் பேச முடியாது. அந்த ஒரு மாதம் கையில் கிடைத்தால் பையன் மனசைக் கலைத்து அண்ணன் மகளை மணையில் உட்கார வைத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். இது ஆதிகேசவனுக்கும் தெரியும். அதனால்தான் ஆடிக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கை நனைக்க வரச்சொல்லி அவரே வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறிப் போய் அழைத்தார்.

தர்மன் மீசையைத் தடவிக்கொண்டார். "வூட்ல சோறு துன்றது எல்லாரும் செய்றதுதானப்பா. உங்க ஊர்ல புச்சா ஏசி ஓட்டல் வந்துக்கிதாமே. எங்க மில்லு ஆடிட்டரு போய்ட்டு வந்து அதையே பேசிக்கினு இருக்கறாரு. அங்க வெச்சிடு. நாலு பேருக்கு சொல்லிக்கவும் நல்லா இருக்கும்."

"அங்க சாப்ட்டா கை நனைச்ச கணக்குல வருங்களா?" என்று ஆதிகேசவன் பயத்தோடு கேட்டார்.

"ஏன் வராது? நீ குடுக்கற விருந்து. சாப்ட்டா சாப்ட்டதுதான்."

"சாப்ட்டா," என்றாள் லோகாம்பாள், உள்ளேயிருந்து.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் மாளிகை வாசலில் கூடின. விருந்துக்குப் போகிறோம் என்று தர்மன் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. லோகாம்பாளும் அப்படித்தான். பெண் வீட்டுச் செலவில் சாப்பிடுவதற்கு முன் வயிற்றை ஒழித்து வைத்துக்கொள்வது மாப்பிள்ளை வீட்டாரின் பிறப்புரிமை அல்லவா? வாசலில் பளபளவென்று ஒரு பலகை மாட்டியிருந்தது. 'பசித்தவர்களுக்கு அனுமதி இல்லை.'

ஆதிகேசவன் அதைத் திரும்பவும் படித்தார். எழுதியது எழுதியபடிதான் இருந்தது. கதவருகே வெள்ளைக் கோட்டு போட்ட ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் ஸ்டெதாஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார்.

"பசியோட வர்றவன் ருசி பாக்க மாட்டான், முழுங்குவான். அது கழகத்துக்கு அவமானம்," என்று சொல்லிக்கொண்டே அவர் தர்மனின் வயிற்றில் குழாயை வைத்தார். வைத்ததும் முகம் மாறியது. "கடாமுடான்னுது. இது பசி."

ஆதிகேசவனுக்கு உயிரே போய்விட்டது. "பசி இல்லீங்க! அவருக்கு வாயுங்க. பரம்பரை வாயு."

தர்மன் அவரை முறைத்தார். நாலு ஊர் நெல்லை அரைத்துக் கொடுக்கிற மனிதரை நடுத்தெருவில் நிறுத்தி வாயு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் வாயு என்றால் விடுவார்கள், பசி என்றால் விடமாட்டார்கள் என்று புரிந்ததும், "ஆமாம்பா, வாயுதான்" என்று அவரே ஒப்புக்கொண்டு உள்ளே நுழைந்தார். லோகாம்பாள் தன் வயிற்றுக்குப் பக்கத்திலேயே குழாயை வரவிடவில்லை. பெண்களுக்கு வாய்மொழியே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

உள்ளே மார்கழிக் குளிர், அமாவாசை இருட்டு. பக்கத்து மேஜைகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. 'அபாரம்' வக்கீலும் இருந்தார். அவர் வாரா வாரம் வந்துகொண்டிருந்தார். ஒரு தடவை புகழ்ந்துவிட்டால் பிறகு நிறுத்துவது கஷ்டம்.

பட்டுப்புடவை கட்டிய இளம்பெண் ஒருத்தி வந்து வணங்கினாள். "என் பெயர் வத்ஸலா. இந்த மாளிகையின் ருசி விளக்குநர். ஒவ்வொரு படைப்பையும் நான் விளக்கிய பிறகுதான் தாங்கள் அனுபவிக்க வேண்டும். அதற்கு முன் தொடக்கூடாது."

"நெருப்பாம்மா அது, தொடக்கூடாதுன்றதுக்கு?" என்று கேட்ட தர்மனை லோகாம்பாள் கிள்ளினாள்.

முதல் படைப்பு வந்தது. ஆளுக்கொரு தட்டு, தட்டின் மேல் கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் புகை. "இதன் பெயர் இட்லியின் ஆவி," என்று வத்ஸலா ஒப்பித்தாள். "இட்லியின் உடல் தற்காலிகமானது. அதன் ஆவியே நிலையானது. குடுவையைத் திறந்ததும் தாங்கள் முகர வேண்டும்." திறந்தார்கள். ஆவி பறந்தது. தர்மன் குனிந்து முகர்ந்துவிட்டு, நிமிர்ந்து, துண்டைத் தொடையில் விரித்துக்கொண்டு இட்லிக்காகக் காத்திருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இட்லி எங்கம்மா?"

"அதுதான் சார் இட்லி."

அடுத்ததாகப் 'பிரிவாற்றா சாம்பார்' வந்தது. ஒரு கிண்ணத்தில் ஒரு கரண்டி வெந்த பருப்பு. ஒரு கிண்ணத்தில் கோலி அளவு புளி. பித்தளைத் தாங்கியில் நெட்டாக நிற்கும் பச்சை முருங்கைக்காய். ஒரு சின்ன டப்பாவில் பஞ்சில் சுற்றிய பெருங்காயம். பருப்பும் புளியும் பல நூற்றாண்டுகளாகக் கட்டாயமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன என்றும், கழகம்தான் அவற்றுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது என்றும், இனி அவற்றைச் சேர்த்து வைப்பது விருந்தினரின் நாக்கு என்றும் வத்ஸலா விளக்கினாள்.

"நானே கலந்துக்கறதுக்கு வாலாஜாபாத்லேர்ந்து எதுக்கு பஸ்ஸு ஏறி வரணும்?" என்றாள் லோகாம்பாள். குரலில் கோபத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம் இருந்தது.

பொய் சொல்லக்கூடாது. மூன்றாவதாக வந்தது நன்றாகவே இருந்தது. கோயில் இட்லியை எட்டணாக் காசு அளவுக்கு வார்த்து, சுக்கும் மிளகும் தூக்கலாகப் போட்டு, நெய்யில் நனைத்து, ஆளுக்கு ஒன்று வைத்தார்கள். வாயில் போட்டதும் தர்மனின் புருவம் மேலே ஏறியது. சீனிவாசன் அம்சவேணியைப் பார்த்துத் தலையாட்டினான். லோகாம்பாள்கூட ஒரு கணம் அண்ணன் மகளை மறந்தாள். ஆதிகேசவன் இதுதான் சமயம் என்று குரல் கொடுத்தார்.

"யம்மா, சம்பந்திக்கு இன்னும் ரெண்டு வைம்மா!"

"இன்னும் சம்பந்தி ஆவலை," என்று லோகாம்பாள் திருத்தினாள்.

"மறுபரிமாறல் கிடையாது சார்," என்றாள் வத்ஸலா. "இரண்டாவது முறை சாப்பிட்டால் முதல் முறையின் நினைவு கெட்டுப் போகும். கழகம் அதை அனுமதிப்பதில்லை."

பெண் வீட்டுக்காரனுக்கு இதைவிட மானக்கேடு உண்டா? மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைக்க, விரல் சந்தில் பரிமாறுவதல்லவா உபசாரம்? இங்கே வேண்டும் என்று இருக்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல வைத்துவிட்டார்கள். தேவகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காவது படைப்பு ஊருக்கு மரியாதை செய்வதற்காக உண்டானதாம். ஒரு சின்ன மரச்சட்டத்தில் இடியாப்ப இழைகளை நீளவாக்கில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் தனியாகச் சில இழைகள். "இது பாவு, இது ஊடை. தாங்களே நெய்து உண்ண வேண்டும்," என்று வத்ஸலா ஆளுக்கொரு முள்கரண்டி கொடுத்தாள். கழகத்தார் காஞ்சிபுரத்தில் பிறந்த எல்லாருக்கும் நெசவு வரும் என்று எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. பம்ப்செட்காரரும் மில்காரரும் முள்கரண்டியோடு மல்லுக்கட்டினார்கள். தர்மன் கோத்த இழை எல்லாம் பொடிப்பொடியாக அறுந்து மடியில் விழுந்தது. அவர் மடியிலிருந்து பொறுக்கித் தின்றதை இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவர் நினைத்தார். நெய்து முடிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டது என்று சட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக எல்லார் முன்னாலும் பெரிய பெரிய வெள்ளித்தட்டுகளை வைத்தார்கள். தட்டில் ஒன்றும் இல்லை.

"இதன் பெயர் மௌனம்," என்றாள் வத்ஸலா. அவள் குரலே கொஞ்சம் தேய்ந்திருந்தது. "தாங்கள் இதுவரை உண்டதை இந்தத் தட்டில் நினைத்துப் பார்க்க வேண்டும். விருந்து நிறைவடைந்தது."

தர்மன் தட்டைப் பார்த்தார். தட்டில் அவர் முகம்தான் தெரிந்தது. லோகாம்பாள் மெதுவாக எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க," என்றாள் ஆதிகேசவனிடம், தேன் ஒழுகும் குரலில். "நீங்க கூப்ட்டீங்க, நாங்க வந்தோம். உங்க மேல குத்தம் இல்ல. ஆனா இன்னிக்கு யாரும் சாப்டல. சாப்டாம கை நனைச்சதா ஆவாது. நாளைக்கு ஆடி பொறக்குது. ஒரு மாசம் போவட்டும், அப்புறமா யோசிச்சிக்கலாம்."

அந்த 'யோசிச்சிக்கலாம்' என்ன என்பது எல்லாருக்கும் புரிந்தது. சீனிவாசன், "அம்மா, இது நியாயமே இல்ல" என்று எழுந்தான். அம்சவேணியின் முகத்தில் ரத்தமே இல்லை. தர்மன் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். பசிக்கிற மனிதனிடம் நியாயம் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

"சாப்ட்டோமே! இவ்ளோ நேரம் சாப்டதுக்குப் பேரு இன்னா?" என்று ஆதிகேசவன் பதறினார். "இருங்க, பெரியவரையே கூப்ட்டு கேப்போம். அவரு சொன்னா ஒத்துப்பீங்க இல்ல?"

"அவரு சாப்பாடுன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன்," என்றாள் லோகாம்பாள்.

முரளீதரனை அழைத்து வந்தார்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். ஆதிகேசவன் கை கூப்பினார். "சார், நாங்க இங்க சாப்ட்டது சாப்பாடுதான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சார். ஒரு பொண்ணோட வாழ்க்கை சார்."

முரளீதரன் இரண்டடி பின்வாங்கினார். யாரோ முகத்தில் அறைந்ததுபோல் ஆகிவிட்டது அவருக்கு.

"சாப்பாடா? என் மாளிகையிலா? ஐயா, நீங்கள் என்னை மட்டுமல்ல, கழகத்தையே அவமதிக்கிறீர்கள்! இந்த மாளிகை திறந்த நாள் முதல் இன்றுவரை இங்கே ஒரே ஒரு ஆத்மாகூடச் சாப்பிட்டதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன். சாப்பாடு என்று பதிவு செய்தால் என்ன ஆகும் தெரியுமா? சுகாதார ஆய்வாளர் வந்து சமையல்கட்டைப் பார்ப்பார். ஒரு ஆளுக்கு எவ்வளவு சோறு என்று கேட்பார். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துத்தான் கழகம் இதைச் சர்க்கஸ், நாடகம், மாஜிக் வகையில் கேளிக்கையாகப் பதிவு செய்திருக்கிறது. நீங்கள் கட்டியது கேளிக்கை வரி. சர்க்கஸ் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் சிங்கத்தைச் சாப்பிட்டேன் என்று சொல்வானா? சொல்லுங்கள்!"

வக்கீல் எழுந்தார். "அப்போ இத்தனை நாளா நான் எதைப் பாராட்டிக்கினு இருந்தேன்?" என்று கேட்டார். இன்னொரு மேஜையிலிருந்து, "எங்க மாமனாருக்கு இங்கதான் சஷ்டியப்தபூர்த்தி விருந்து வெச்சேன், அவரு அன்னிக்கு சாப்டவே இல்லியா?" என்று ஒரு குரல். ஆளாளுக்கு நாற்காலியைத் தள்ளினார்கள். பாராட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் கத்துவதற்குச் செலவழித்தார்கள்.

லோகாம்பாள் புறப்படத் தயாரானாள். அந்தச் சமயத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு கலியன் வந்தான். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து அலுவலர் வீட்டுக் கேரியரைத் தினமும் சைக்கிளில் கொண்டுவருகிறவன். பின்பக்கமாகத்தான் வருவான். அன்றைக்குப் பின்கதவைத் திறக்க ஆளில்லை, எல்லாரும் சண்டை பார்க்க முன்னால் வந்துவிட்டார்கள்.

"சாரு, வூட்லேர்ந்து கேரியர் வந்துக்கிது. சூடு ஆறதுக்குள்ள சாப்ட சொன்னாங்கோ அம்மா," என்று சொல்லி மேஜையின் மேல் வைத்தான்.

மூடி லேசாகத் திறந்திருந்தது. தாளித்த கடுகும் பெருங்காயமும் மணந்தன. கத்திக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

அம்சவேணி எழுந்து வந்தாள். அவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில் அவள் வாய் திறந்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வாழ்க்கை அடுத்த பஸ்ஸில் வாலாஜாபாத்துக்குப் போய்விடும்.

"இது இன்னா சார்?" என்று கேட்டாள்.

"அது... என்னுடைய மத்தியான..." முரளீதரன் நிறுத்திக்கொண்டார். "அலுவல் தேவைக்கான பொருள்."

"சாப்பாடு இல்லீங்களே?"

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. "சார், விதி ஏழு," என்றாள் வத்ஸலா. இட்லியின் ஆவியை விளக்கிய அதே குரல்தான். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. "வெளியிலிருந்து கொண்டுவரப்படும் உணவு மாளிகைக்குள் கைப்பற்றப்படும்."

"வத்ஸலா! இது எங்காத்துத் தளிகைம்மா!" என்று அலறினார் முரளீதரன். ஆறு வாரத்து ஐரோப்பா அந்த ஒரு கணத்தில் கழன்று விழுந்தது.

"ஆத்துத் தளிகைன்னா வெளி உணவுதானே சார். கைப்பற்றினதை என்ன பண்ணணும்னு விதியில இல்லை."

லோகாம்பாள் விடவில்லை. "அது சாப்பாடாவே இருக்கட்டும். அவரு வூட்டு சோறு. பொண்ணு வூட்டு சோறு இல்லியே?"

ஆதிகேசவன் ஓடிப் போய் அலுவலர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்களும் பொண்ணு வூட்டு மனுஷன்தான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். உங்க காலுல வேணாலும் விழறேன்."

வக்கீல் அந்தப் பக்கம் கேளிக்கை வரிச் சட்டத்தை உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்திருந்தார். நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது. முரளீதரனுக்குத் தலை சுற்றியது. எப்படியாவது இந்தக் குடும்பம் அடங்கினால் போதும் என்றாகிவிட்டது. "சரி ஐயா, சரி! நான் பெண் வீட்டுப் பக்கம்தான். பெண்ணுக்குப் பெரியப்பா என்றே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து உட்காருங்கள்!" என்று கத்தினார்.

நாலு பெரிய மனிதர்கள் காதில் விழச் சொன்ன வார்த்தை. அதற்கு மேல் லோகாம்பாளாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அம்சவேணி கேரியரைப் பிரித்தாள். ஒரு அடுக்கில் சுடச்சுடச் சோறு, ஒன்றில் சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் மிளகு ரசம், ஒன்றில் கத்தரிக்காய்க் கறி, கடைசி அடுக்கில் தயிர்சாதம், அதன் ஓரத்தில் மாவடு. மௌனத்துக்காக வைத்த வெள்ளித்தட்டுகள் காலியாகத்தான் இருந்தன. முதலில் தர்மனுக்கு வைத்தாள். அவர் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகுக் காரம் என்று பிறகு சொல்லிக்கொண்டார். சீனிவாசன் குனிந்த தலை நிமிராமல் தின்றான்.

அம்சவேணி லோகாம்பாள் பக்கத்தில் போய் நின்றாள். கரண்டியில் தயிர்சாதம் இருந்தது.

"அத்தை, கொஞ்சமா."

லோகாம்பாள் யோசித்தாள். அண்ணன் மகள் நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் அப்போது அங்கே இல்லை. தயிர்சாதம் இருந்தது. முந்தின ராத்திரியிலிருந்து காய்ந்த வயிறு மெதுவாக அவளை நாற்காலியில் உட்கார வைத்தது. தட்டை முன்னால் நகர்த்தினாள். முதல் கவளம் உள்ளே போனதும் ஆதிகேசவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவகி இருட்டில் மகளின் முதுகைத் தடவினாள். இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, மறைக்க முயலவில்லை.

மணி இரண்டாகியிருந்தது. மற்ற விருந்தினர்கள் கலைந்து போயிருந்தார்கள். முரளீதரன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு மேஜையருகே வந்தார். சாத்தமுது இருந்த அடுக்கு காலி, கறி இருந்த அடுக்கும் காலி. தயிர்சாதம் மட்டும் அடியில் கொஞ்சம் இருந்தது. அதைப் பார்த்து அவர் எச்சில் விழுங்கினார்.

"கொழந்தே, பசிக்கறதும்மா. நேக்கும் ஒரு பிடி போடேன்," என்றார்.

அம்சவேணி கரண்டியை அவர் பக்கம் கொண்டுபோனாள். லோகாம்பாள் இடது கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லும்மா. இவரு பொண்ணு வூட்டுக்காரரு, அவரே சொன்னாரு. மாப்ள வூட்டுக்காரங்க சாப்ட்டு எழுந்தப்புறம்தான் பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு பந்தி. மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

சொல்லிவிட்டு, தட்டை நகர்த்தினாள்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் வை, மருமவளே."